ஃபெம்டோ நொடி வேண்டுமா, நானோ நொடி போதுமா?

"சார், இந்த சாம்பிளை ஃபெம்டோ செகண்ட் லேசர்ல ஓட்டிடலாமா?"

"வினை எவ்வளவு நேரத்துல நடக்குது?"

"தெரியல சார். அதைப் பார்க்கத்தானே லேசர்."

வருஷத்துக்கு நாலு தடவையாவது இந்தப் பேச்சு என் மேசைக்கு முன்னால் நடக்கும். கேட்பவர் மாறுவார், கையிலிருக்கும் குப்பியின் நிறம் மாறும், கேள்வி மட்டும் அதேதான். போன முறை குப்பியில் இருந்தது ஆரஞ்சு நிறக் கரைசல். ஒரு ருத்தேனியம் அயனியை மூன்று பைபிரிடின்கள் சுற்றிப் பிடித்திருக்கும் பழைய, பேர்போன சேர்மம். அதனுடன் மீதைல் வயலஜன். நீல ஒளி பட்டதும் முன்னது எலெக்ட்ரானைக் கொடுக்கும். பின்னது அதை வாங்கிக்கொண்டு நீலமாக மாறும். இந்தக் கைமாற்றத்தை நடக்கிறபோதே பிடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

நானோ நொடி என்றால் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிகோ நொடி, அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஃபெம்டோ நொடி. எல்லோரும் ஃபெம்டோ நொடியிலேயே தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அகமது செவெய்லுக்கு 1999இல் வேதியியல் நோபல் கிடைத்தது அதற்குத்தான். அயோடின் சயனைடு மூலக்கூறில் பிணைப்பு அறுந்துபோக ஏறக்குறைய 200 ஃபெம்டோ நொடி ஆகிறது என்பதை 1987இல் அவருடைய குழு நேரடியாகப் பார்த்தது. அணுக்கள் நகரும் வேகமே அப்படி. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு ஒருமுறை நீண்டு சுருங்க 11 ஃபெம்டோ நொடிதான். ஆகவே 'மிக வேகமான கருவி எல்லாவற்றையும் பார்த்துவிடும்' என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அது தவறு. என் ஆரஞ்சுக் குப்பியை வைத்தே சொல்கிறேன்.

காகிதத்தில் ஒரு கணக்கு போட்டால் போதும். ஒளியை வாங்கிய ருத்தேனியம் சேர்மம், காற்று நீக்கிய நீரில், தானாக அணைய சுமார் 600 நானோ நொடி எடுத்துக்கொள்ளும். வயலஜனைச் சந்தித்து எலெக்ட்ரானைக் கொடுக்கும் வேக மாறிலி, நொடிக்கு, மோலாருக்கு, ஏறத்தாழ 5 × 10⁸. இரண்டுமே நேர்மின் அயனிகள், ஒன்றையொன்று தள்ளும். அதனால் இது பரவலின் (கரைசலில் அலைந்து சந்திப்பதன்) உச்ச வேகத்தை விடக் குறைவு. வயலஜனின் செறிவு 10 மில்லிமோலார் இருந்தால் கைமாற்றத்துக்கு சராசரியாக 200 நானோ நொடி ஆகும்.

இப்போது ஃபெம்டோ நொடி மேசைக்குப் போவோம். அங்கே நேரத்தை அளப்பது கடிகாரமல்ல, ஒரு தண்டவாளம். பம்ப் என்ற துடிப்பு வினையைத் தொடங்கி வைக்கும். புரோப் என்ற துடிப்பு சற்றுப் பிந்தி வந்து எட்டிப் பார்க்கும். பிந்த வைப்பதற்காக ஒரு துடிப்பின் பாதையை நீட்டுவோம். மோட்டார் வைத்த டிலே ஸ்டேஜ் மேல் இரண்டு கண்ணாடிகள் நிற்கும். ஒளி போய்த் திரும்பும். ஸ்டேஜ் 0.15 மில்லிமீட்டர் நகர்ந்தால் 1 பிகோ நொடி, 15 சென்டிமீட்டர் நகர்ந்தால் 1 நானோ நொடி. வழக்கமான ஸ்டேஜில் சில நானோ நொடிகளோடு இடம் முடிந்துவிடும். 200 நானோ நொடி பார்க்க வேண்டுமானால் 30 மீட்டர் தண்டவாளம் போட வேண்டும். அதுவரை கற்றை ஒரு முடி அளவுகூட விலகக் கூடாது.

ஆக, அந்தக் குப்பியை ஃபெம்டோ நொடி மேசையில் வைத்தால் 100 ஃபெம்டோ நொடியில் தொடங்கி சில நானோ நொடியில் முடியும் அழகான வரைபடம் கிடைக்கும். வினை மட்டும் அதில் இருக்காது.

அவருக்கு முதலில் பொருத்தமானது எங்கள் ஆய்வகத்திலேயே மூலையில் தூசி படிந்து கிடக்கும் நானோ நொடி ஃபிளாஷ் கருவி. இதன் தாத்தா லேசர் வருவதற்கு முன்பே பிறந்தவர். நாரிஷும் போர்ட்டரும் 1949இல் மின்னல் விளக்குகளை வைத்து இதே வேலையைச் செய்தார்கள். 1967 நோபலில் அவர்களுக்குப் பங்கு. இன்று விளக்கின் இடத்தில் ஒரு நியோடிமியம் யாக் லேசர். 5 முதல் 10 நானோ நொடி அகலத் துடிப்பு, 532 அல்லது 355 நானோமீட்டர் அலைநீளம். குறுக்கே செனான் விளக்கின் வெள்ளை ஒளி. மறுமுனையில் ஒரு நிறத்தை மட்டும் பிரித்தெடுக்கும் மோனோகுரோமேட்டர், ஒளியை மின்சாரமாக்கிப் பெருக்கும் ஒரு ஃபோட்டோ மல்டிபிளையர், அதைத் திரையில் வரையும் ஒரு ஆஸிலோஸ்கோப். அவ்வளவுதான்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வேகத்தில் மட்டுமல்ல. நானோ நொடிக் கருவி ஒரே சுட்டில் (ஒரு லேசர் துடிப்பில்) ஒரு நிறத்தின் முழுக் கதையையும் சொல்லும்: ஏற்றம், இறக்கம், எல்லாம் திரையில் ஓடும். ஃபெம்டோ நொடிக் கருவி நேர்மாறு. ஒரு சுட்டில் ஒரு கணம் மட்டும், ஆனால் எல்லா நிறங்களும். முழுக் கதைக்கு ஸ்டேஜை ஆயிரம் முறை நகர்த்தி ஒவ்வொரு இடத்திலும் ஆயிரக்கணக்கான சுட்டுகளைச் சராசரி எடுக்க வேண்டும். கரைசல் குறைவாகவும் அது சீக்கிரம் கெட்டுப்போவதாகவும் இருந்தால் இந்த வித்தியாசமே முடிவைத் தீர்மானித்துவிடும்.

நானோ நொடிக் கருவியில் தொந்தரவு இல்லையா என்றால், உண்டு. முதல் எதிரி காற்று. கரைந்திருக்கும் ஆக்சிஜன், மும்மை நிலை (ஒளியின் ஆற்றலோடு நீண்ட நேரம் தங்கும் நிலை) மூலக்கூறுகளை அணைத்துவிடும். நீலமான வயலஜனிடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி நிறத்தையும் அழித்துவிடும். நைட்ரஜனோ ஆர்கானோ அரை மணி நேரம் ஊதாமல் அளந்தால் நீங்கள் அளப்பது ஆக்சிஜனின் வேதியியலை. இன்னொரு கண்ணி: வயலஜனின் நீலம் 605 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும் என்று புத்தகத்தில் பார்த்து அங்கேயே அளக்கப் போவார்கள். ருத்தேனியம் சேர்மத்தின் சொந்த ஆரஞ்சு ஒளிர்வு 620 பக்கம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும். வயலஜனுக்கு 395 அருகில் இன்னும் வலுவான பட்டை இருக்கிறது. அங்கே பார்த்தால் கோடு சுத்தமாக ஏறும்: 600 நானோ நொடியில் தானாக அணைவதும் 200 நானோ நொடியில் கைமாறுவதும் சேர்ந்து 150 நானோ நொடி. வயலஜனை இரட்டிப்பாக்கினால் அது 86 ஆக வேண்டும். அப்படி ஆனால் நம்பலாம், ஆகாவிட்டால் வேறேதோ நடக்கிறது.

ஃபெம்டோ நொடி எப்போது?

மூலக்கூறு தனக்குள்ளேயே செய்துகொள்ளும் வேலைகளுக்கு. பிணைப்பு அறுதல், வளையம் திறத்தல், முறுக்கல், ஒரு கிளர்நிலையிலிருந்து (ஒளியை வாங்கி ஆற்றல் கூடி நிற்கும் நிலை) இன்னொன்றுக்கு வழுக்கி இறங்குதல் எல்லாம் இதில் அடங்கும். யாரையும் சந்திக்கக் காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள். கண்ணின் ரெட்டினால் மூலக்கூறு ஒளி பட்டு முறுக்கிக்கொள்ள 200 ஃபெம்டோ நொடி. நம் ருத்தேனியம் சேர்மமேகூட ஒளியை வாங்கிய 100 ஃபெம்டோ நொடிக்குள் மும்மை நிலைக்கு இறங்கிவிடுகிறது. நானோ நொடிக் கருவிக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை.

வழக்கமான அமைப்பு: டைட்டானியம்-சஃபையர் லேசர், 800 நானோமீட்டர், 100 ஃபெம்டோ நொடிக்கும் குறைந்த துடிப்பு, நொடிக்கு 1000 முறை. இவ்வளவு குறுகிய துடிப்பை அப்படியே பெருக்கினால் பெருக்கியே உடைந்துபோகும். முதலில் நேரத்தில் இழுத்து நீட்டி, பெருக்கி, பிறகு மறுபடி நெருக்க வேண்டும். ஸ்டிரிக்லண்டும் முரூவும் 1985இல் கண்டுபிடித்த வழி. 2018இல் இயற்பியல் நோபலில் பங்கு பெற்றது. இந்தத் துடிப்பில் ஒரு பகுதியை 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள சஃபையர் துண்டின் மேல் குவித்தால் மறுபக்கம் வெள்ளை ஒளி வரும். பல வருஷம் பார்த்த பிறகும், அந்தச் சின்னக் கல்லிலிருந்து வெள்ளை வட்டம் பூக்கும்போது ஒரு நிமிடம் நின்று பார்க்கத்தான் செய்கிறேன். அதுதான் புரோப்.

இதில் கிடைக்கும் சிக்னல் மிகச் சிறியது. உறிஞ்சலில் 10⁻³ மாற்றம் என்றால் தாராளம். நல்ல நாளில் 10⁻⁵ வரை இறங்கலாம். அந்த மாற்றத்தில் மூன்று விஷயங்கள் கலந்து வரும்: கீழ்நிலையிலிருந்து போய்விட்டவர்கள் விட்ட வெற்றிடம், கிளர்நிலையில் இருப்பவர்கள் மேலும் உறிஞ்சுவது, அவர்கள் புரோப்பால் தூண்டப்பட்டு ஒளி விடுவது. முதலுக்கும் மூன்றாவதுக்கும் ஒரே குறி, இரண்டாவதுக்கு எதிர்க்குறி. ஒரே இடத்தில் மூன்றும் மோதினால் பூச்சியம்கூட வரும். 'இங்கே ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதிவிடுவார்கள். நடக்கவில்லையா, கூட்டிக் கழித்து ஒன்றுமில்லாமல் போனதா என்பது நிறமாலையை மட்டும் பார்த்துத் தெரியாது.

என் கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு சாய மெல்படலத்தில் 7 பிகோ நொடி இறக்கம் ஒன்று பார்த்தேன். அருமையான, சுத்தமான வளைவு. மூன்று மாதம் அதை வைத்து வாழ்ந்தேன். மின்னூட்டம் பிரிகிறது என்று ஒரு படமும் வரைந்து, கட்டுரை வரைவும் முடிந்துவிட்டது. கடைசியில் ஒருவர் சும்மா கேட்டார்: பம்ப் ஆற்றலைப் பாதியாக்கிப் பார்த்தாயா? பார்த்தேன். 7 பிகோ நொடி 13 ஆனது. கால்வாசியாக்கினால் இன்னும் நீண்டது. படலத்தில் கிளர்நிலைகள் அதிகம் பிறந்து ஒன்றோடொன்று மோதி அழிந்துகொண்டிருந்தன. வினையெல்லாம் இல்லை, நான் லேசரை அதிகம் திருகியதுதான் விஷயம். அன்றிலிருந்து பம்ப்பைப் பாதியாக்காத வளைவு எதையும் என் மேசையில் அனுமதிப்பதில்லை.

இன்னும் மூன்று சோதனைகளைச் செய்யாமல் யாரும் ஃபெம்டோ நொடி தரவை நம்ப வேண்டாம். வெறும் கரைப்பானை மட்டும் ஒருமுறை ஓட்டுங்கள்: இரண்டு துடிப்புகளும் ஒன்றாக விழும் கணத்தில் கரைப்பானும் கண்ணாடியுமே பொய்யான குத்து ஒன்றைக் கொடுக்கும். நீரில் பம்ப் பலமாக இருந்தால் நீர் மூலக்கூறிலிருந்தே எலெக்ட்ரான் கழன்று, 720 நானோமீட்டரை மையமாக வைத்து அகலமாக உறிஞ்சிக்கொண்டு நிற்கும். அதை உங்கள் புது இடைநிலை என்று கொண்டாடிவிடாதீர்கள். பம்ப்புக்கும் புரோப்புக்கும் இடையிலான முனைவாக்கக் கோணம் (ஒளி அலைகள் அதிரும் திசைகளுக்கு நடுவிலான கோணம்) 54.7 பாகையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூலக்கூறு வெறுமனே சுழல்வதும் ஒரு 'வினை'யாகத் தெரியும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் சாதாரண உறிஞ்சல் நிறமாலை எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பாதி நேரம் நீங்கள் பார்த்தது சிதைந்துபோன சரக்கை.

ஒளிர்ந்தால் பாதி வேலை முடிந்தது

கைவசமிருக்கும் பொருள் ஒளிர்கிறதென்றால், உறிஞ்சலைத் தேடிப் போகும் முன் ஒளிர்வை அளந்துவிடுவது என் வழக்கம். ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் முறை எளிது. நொடிக்கு லட்சக்கணக்கில் மின்னும் சிறு டையோடு லேசர் போதும். ஒவ்வொரு மின்னலுக்கும் எத்தனை நேரம் கழித்து முதல் ஃபோட்டான் வந்தது என்று குறித்துக்கொண்டே போனால் வளைவு தானாக உருவாகும். கருவியின் சொந்த அகலம் சில பத்து பிகோ நொடியிலிருந்து சில நூறு வரை. பின்னணியில் ஒன்றுமே இல்லாத இருட்டிலிருந்து எண்ணுவதால், நானோமோலார் அளவுக் கரைசல்கூடப் போதும். பம்ப்-புரோப்புக்கு அதைவிடப் பல்லாயிரம் மடங்கு செறிவு தேவை.

ஒரே எச்சரிக்கை: நூறு மின்னலுக்கு ஓரிரு ஃபோட்டானுக்கு மேல் வரவிடாதீர்கள். ஒவ்வொரு மின்னலிலும் முதலில் வந்தவரை மட்டும்தான் கருவி எண்ணும். கூட்டம் அதிகமானால் முந்திக்கொண்டு வருபவர்களே பதிவாகி, ஆயுள் குறைவாகத் தெரியும். சிக்னலைக் கூட்டினால் சீக்கிரம் முடியுமே என்று ஒளியைத் திறந்து விடுபவர்கள் எல்லோரும் விழும் குழி இது.

ஒளிர்வு முறையின் குறை வெளிப்படை. ஒளிராத நிலை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஒளிர்வு அணைந்தது என்று சொல்லும். ஏன் அணைந்தது, எலெக்ட்ரான் போனதா, ஆற்றல் போனதா, வெறும் வெப்பமாகிவிட்டதா என்று சொல்லாது. மறுபக்கம் பார்த்தால் அதுவே பலம்: பம்ப்-புரோப்பில் மூன்று சிக்னல்கள் அடித்துக்கொள்ளும் இடத்தில் இங்கே ஒரே ஒரு குரல். இரண்டையும் அளந்து, ஒளிர்வில் வந்த நேரமே உறிஞ்சலிலும் வருகிறதா என்று ஒப்பிட்டால், எந்தப் பட்டை யாருடையது என்ற சண்டை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நிறம் போதாது, பிணைப்பு வேண்டும் என்றால்

புலப்படும் ஒளியில் தெரிவது எலெக்ட்ரான் நிலைகள். அகலமான, உருண்டையான, ஒன்றையொன்று மூடும் பட்டைகள். எந்தப் பிணைப்பு மாறியது என்று கேட்டால் பதில் வராது. அதற்கு அகச்சிவப்பு புரோப் வேண்டும்.

எல்லா மூலக்கூறுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கார்பன் மோனாக்சைடு பிடித்திருக்கும் உலோகச் சேர்மம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அகச்சிவப்புக்குப் போகலாம். 1900 முதல் 2100 செ.மீ⁻¹ (அதிர்வுகளைக் குறிக்கும் அலைவெண் அலகு) வரையிலான பகுதியில் வேறு யாரும் அதிகம் குடியிருப்பதில்லை. அங்கே கார்பனைல் பட்டைகள் கூர்மையாக, வலுவாக நிற்கும். ரீனியம் டிரைகார்பனைல் சேர்மத்தில் ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் பைபிரிடினுக்குப் போனால், உலோகம் கார்பன் மோனாக்சைடுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த எலெக்ட்ரான் குறையும், கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு இறுகும், பட்டைகள் மேல்நோக்கி நகரும். எலெக்ட்ரான் எங்கே போனது என்று பட்டையே விரல் நீட்டிச் சொல்லும். புலப்படும் ஒளியில் இதே கேள்விக்கு ஒரு வாரம் வாதாட வேண்டியிருக்கும்.

மற்றபடி சிரமம்தான். நீரே 1640 செ.மீ⁻¹ பக்கம் பலமாக உறிஞ்சும். கனநீருக்கு மாற வேண்டும். கண்ணாடி ஜன்னல் கூடாது, கால்சியம் ஃபுளோரைடு வேண்டும். கரைசல் அடுக்கு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு தடிமன்தான். கற்றை போகும் பாதை முழுக்க உலர் காற்று. காலையில் வந்ததும் டிடெக்டருக்குத் திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும். மாலையில் மறந்தால் நள்ளிரவில் சிக்னல் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும்.

இங்கே இயற்கையே விதிக்கும் ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். நேரத்தில் குறுகினால் நிறத்தில் அகலும். 100 ஃபெம்டோ நொடித் துடிப்பு ஒன்று சுமார் 150 செ.மீ⁻¹ அகலம் கொண்டது. 10 ஃபெம்டோ நொடி என்றால் 1500. அடுத்தடுத்த பிணைப்புகளைப் பிரித்தறிய 10 அல்லது 15 செ.மீ⁻¹ நுணுக்கம் வேண்டும். சாதாரண ராமன் முறையில் (சிதறும் ஒளியின் நிற மாற்றத்திலிருந்து அதிர்வை அறியும் முறை) அதற்கு 1 பிகோ நொடித் துடிப்பு தேவை. இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனமாக ஒரு சந்துவழியைக் கண்டுபிடித்தது ஃபெம்டோ நொடித் தூண்டல் ராமன் முறை. நீண்ட, குறுகிய நிறமுள்ள துடிப்பு ஒன்றும் குட்டையான, அகன்ற நிறமுள்ள துடிப்பு ஒன்றும் சேர்ந்து வேலை செய்யும். மூன்றாவது துடிப்பு வினையைத் தொடங்கி வைக்கும். ரெட்டினால் முறுக்கிக்கொள்ளும் விதத்தை 2005இல் இப்படித்தான் பிணைப்பு பிணைப்பாகப் பார்த்தார்கள். மூன்று துடிப்புகளை ஒரே புள்ளியில் ஒரே நேரத்தில் கொண்டுவந்து நிறுத்துவது தனி வித்தை. அதைக் கட்டத் தெரிந்தவர் உங்கள் ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்தால் செய்யுங்கள். ஒரு முனைவர் பட்டத்துக்குள் புதிதாகக் கட்டி, அளந்து, எழுதவும் முடியும் என்று நினைத்தால் நான் தடுப்பேன்.

அணுக்களையே பார்க்க

மேலே சொன்னவை எல்லாம் மறைமுகம். நிறத்தையோ அதிர்வையோ பார்த்து வடிவத்தை ஊகிக்கிறோம். வடிவத்தையே பார்க்க எக்ஸ்-கதிர் அல்லது எலெக்ட்ரான் துடிப்பு வேண்டும். வினையைத் தொடங்கி வைப்பது அப்போதும் சாதாரண லேசர்தான்.

எக்ஸ்-கதிர் கட்டற்ற எலெக்ட்ரான் லேசர்கள் (முடுக்கிய எலெக்ட்ரான்களிலிருந்து எக்ஸ்-கதிர்த் துடிப்பை உண்டாக்கும் பெரும் கருவிகள்) உலகத்தில் மிகச் சிலவே. அமெரிக்காவின் எஸ்.எல்.ஏ.சி. ஆய்வகத்தில் 2009இல் தொடங்கியது நொடிக்கு 120 துடிப்பு கொடுத்தது. 2017இல் திறந்த ஜெர்மனியின் ஐரோப்பிய எக்ஸ்.எஃப்.ஈ.எல். நொடிக்கு 27,000 வரை. பாக்டீரியாவின் மஞ்சள் ஒளியுணர் புரதம் ஒன்றில் சாய மூலக்கூறு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்புவதை இந்த வகையில் படமெடுத்தார்கள். எலெக்ட்ரான் விளிம்பு விலகல் (மூலக்கூறில் பட்டு எலெக்ட்ரான்கள் சிதறும் கோலத்திலிருந்து வடிவத்தை அறிவது) அதைவிட அடக்கமான இடத்தில் முடியும். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளித் துடிப்பை அகலமாக்கிவிடும் என்பதால் அவற்றை மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு முடுக்கி, ஒளிக்குச் சமீபமான வேகத்தில் ஓட விடுகிறார்கள். சைக்ளோஹெக்சாடையீன் வளையம் திறந்துகொள்வதை வாயு நிலையில் 2019இல் இப்படிப் பார்த்தது வெளியானது.

இரண்டும் பிரமாதம். ஆனால் இவை சொந்த மேசையில் தேர்ந்தெடுக்கும் கருவிகள் அல்ல. விண்ணப்பம் எழுதி, நடுவர்கள் ஒப்புக்கொண்டு, சில நாள் கற்றை நேரம் கிடைத்து, இரவும் பகலும் முறை வைத்து ஓட்ட வேண்டும். அந்த விண்ணப்பத்தில் முதல் கேள்வியே, 'சாதாரண லேசரில் என்ன பார்த்தீர்கள்?' ஆகவே வரிசையில் முதலில் இவை வரவே முடியாது. அட்டோ நொடிக்கும் (ஃபெம்டோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒரு வரி: 2023 இயற்பியல் நோபலுக்குப் பிறகு அதைப் பற்றியும் கேட்கிறார்கள். எலெக்ட்ரான் தாவுவதைப் பார்க்க அது. அணுக்கள் நகர்ந்து பிணைப்பு மாறுவதைப் பார்க்க ஃபெம்டோ நொடியே போதும்.

வாயுவில் வேலை செய்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே மூலக்கூறுகள் குறைவு, சிக்னலுக்குப் பாதை நீளம் வேண்டும். ஹைட்ராக்சில் போன்ற ஒளிரும் துணுக்குகள் என்றால் லேசர் தூண்டிய ஒளிர்வைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். 282 நானோமீட்டரில் தட்டினால் 308 பக்கம் பதில் சொல்லும், துல்லியம் அபாரம். ஒளிராத பெராக்சி துணுக்குகளுக்கு கேவிட்டி ரிங்-டவுன். 99.99 சதவீதம் பிரதிபலிக்கும் இரண்டு கண்ணாடிகளை 1 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே வைத்தால் உள்ளே மாட்டிக்கொண்ட ஒளி 33 மைக்ரோ நொடி அலைந்து, 10 கிலோமீட்டர் நடந்துவிடும். துடிப்பின் உயரத்தை அளக்காமல் அது தேய எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளப்பதால் லேசர் ஏறி இறங்கினாலும் பாதிப்பில்லை. ஆனால் அந்த 33 மைக்ரோ நொடியே வேக வரம்பும். அதைவிடச் சட்டென்று முடியும் வினைக்கு உதவாது.

ஒளிக்கே பதில் சொல்லாத வினை?

வேதியியலில் பெரும்பாலான வினைகள் ஒளியைக் கேட்பதே இல்லை. இரண்டு கரைசலைக் கலந்தால் நடக்கும். பம்ப் எதைத் தொடங்கி வைப்பது? இங்கே பலர் லேசரைக் கட்டாயப்படுத்தி உள்ளே நுழைப்பார்கள். வினை சில மில்லி நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டால், வேகமாகக் கலந்து நிறுத்தி அளக்கும் ஸ்டாப்டு-ஃபுளோ கருவியே போதும். லேசர் வேண்டவே வேண்டாம். அதைவிட வேகமென்றால் வெப்பக் குதிப்பு இருக்கிறது. 1967 நோபலில் நாரிஷ், போர்ட்டரோடு பங்கு பெற்ற மான்ஃபிரட் ஐகனின் யோசனை: சமநிலையில் நிற்கும் கலவையைச் சட்டென்று சூடாக்கினால் அது புதிய சமநிலையைத் தேடி ஓடும், அந்த ஓட்டத்தை அளக்கலாம். இன்று 2 மைக்ரோமீட்டர் பக்கத்து லேசர் துடிப்பால் கனநீரை நானோ நொடிகளுக்குள் பத்து பாகை சூடாக்கிவிடலாம். புரதம் மடிவதைப் பார்ப்பவர்களுக்கு இது பழகிய வழி.

எந்த வினையையும் தூண்டாமலே பார்க்கும் வழி ஒன்றும் உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. இருபரிமாண அகச்சிவப்பு. பென்சீனும் ஃபீனாலும் கரைசலில் பிடித்துக்கொள்வதும் விடுவதுமாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சமநிலை, எந்த மாற்றமும் இல்லை. ஒரு ஃபீனாலின் அதிர்வுக்கு முதலில் அடையாளம் போட்டு, சற்றுக் கழித்து அதே ஆள் எந்த அலைவெண்ணில் இருக்கிறார் என்று பார்த்தால், பிடித்திருந்தவர் விட்டுவிட்டாரா என்று தெரியும். 8 பிகோ நொடிக்கு ஒருமுறை விடுகிறார் என்று 2005இல் அளந்தார்கள். அசையாமல் நிற்கும் குளத்துக்குள் இத்தனை போக்குவரத்து!

திரும்ப ஆரஞ்சுக் குப்பிக்கு

அந்த மாணவர் நானோ நொடிக் கருவியில் ஒரு வாரம் அளந்தார். வயலஜனை ஐந்து செறிவுகளில் வைத்து ஐந்து வளைவுகள், நேர்கோடு வந்தது. ஃபோட்டான் எண்ணும் கருவியில் ஒளிர்வு அணையும் நேரம் அதே எண்ணைக் கொடுத்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. அணைந்த ருத்தேனியம் அத்தனையும் எலெக்ட்ரானைக் கொடுத்திருந்தால் வந்திருக்க வேண்டிய நீலம் வரவில்லை. அதில் சிறு பங்குதான். "இப்பவாவது ஃபெம்டோ செகண்ட் போடலாமா சார்?" என்று கேட்டார். கேள்வி இந்த முறை நியாயமானது. எலெக்ட்ரானைக் கொடுத்த கையோடு, இருவரும் கரைப்பான் கூண்டை (சுற்றி நெருக்கி நிற்கும் கரைப்பான் மூலக்கூறுகளை) விட்டு விலகும் முன்பே, பெரும்பாலான ஜோடிகள் அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். பிகோ நொடியில் நடப்பது அது.

இருந்தும் அந்தக் குப்பியில் அது தெரியாது. பம்ப் எல்லா ருத்தேனியத்தையும் ஒரே கணத்தில் தட்டி எழுப்புகிறது. ஆனால் ஒவ்வொன்றும் தன் வயலஜனைச் சந்திப்பது வெவ்வேறு நேரத்தில், 50 நானோ நொடியிலோ 300இலோ. சந்திப்பு அப்படிச் சிதறிப்போன பிறகு, ஒவ்வொரு ஜோடியும் பிகோ நொடிக் கணக்கில் செய்துகொள்ளும் காரியத்தை எந்த வேகக் கருவியாலும் கூட்டாகப் பார்க்க முடியாது. எந்த நொடியிலும் கூண்டுக்குள் இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் சிலர்.

"இரண்டையும் நாலைந்து கார்பன் சங்கிலியால கட்டி ஒரே மூலக்கூறாக்கிக் கொண்டு வா. அப்போ சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம், கடிகாரம் எல்லாருக்கும் ஒண்ணாத் தொடங்கும். செவ்வாய்க்கிழமை காலையில லேசரைச் சூடு பண்ணி வைக்கிறேன்" என்றேன்.

"எந்தச் செவ்வாய் சார்?"

அதைச் சமைக்க அவருக்கு நாலு மாதம் ஆனது.